கூலண்ட்டுக்குக் 'குளிரூட்டி' வேண்டாமே

நண்பர்களுக்கு வணக்கம்.

இன்ஜின் ஓவர்ஹீட் ஆவதற்கு 'மிகைவெப்பமடைதல்' என்று நம் கலைச்சொல் குழுவின் முந்தைய மடலில் வந்தது சரிதான், எங்கள் காரைக்குடி மெக்கானிக்குகள் 'வண்டி கொதிச்சிருச்சு' என்று சொல்லி வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள் என்றாலும். எனக்கு உறுத்துவது, இன்ஜின் சூட்டைத் தணிக்க ரேடியேட்டரில் ஊற்றும் திரவமான கூலண்ட்டுக்கு அதே மடலில் போட்ட 'குளிரூட்டி'. போன சித்திரையில் திருமயத்திலிருந்து திரும்பும்போது கானாடுகாத்தான் பக்கம் இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. மாமாவுக்குப் போன் போட்டு, கலைச்சொல் பற்றில், 'குளிரூட்டி தீர்ந்துபோச்சு, வாங்கிட்டு வாங்க' என்றேன். 'ஏன், ஏசி இல்லாம வர மாட்டியளாக்கும்' என்று வைத்துவிட்டார்.

குழப்பம் மட்டுமல்ல, பொருளே தப்பு. அந்தத் திரவம் குளிர்ச்சி எதையும் ஊட்டவில்லை. சிலிண்டரைச் சுற்றி ஓடிச் சூட்டை வாங்கி, ரேடியேட்டரில் காற்றிடம் கொடுக்கிறது. ஒழுங்காக ஓடும் வண்டியிலேயே 90 டிகிரி செல்சியஸ் பக்கம் இருக்கும். குளிர்நாடுகளில் காருக்குள் ஹீட்டர் போட்டால் சூடு வருவதும் இதிலிருந்துதான். (வண்டி கொதித்தால் ஏசியை அணைத்து ஹீட்டரை முழுதாகத் திருப்பு என்பது அதனால்தான். சித்திரை வெயிலில் செய்து பார்த்தேன், போதும்.) ஒலிவாங்கி மாதிரி 'வெப்பவாங்கி' என்று வைக்கலாமே.

இந்தப் பெயர் இருந்தால் காரணங்களும் தானாக விளங்கும். ஹோஸ் ஒழுகினால் சூட்டை வாங்க ஆளில்லை. வாட்டர் பம்ப் போனாலோ தெர்மோஸ்டாட் (சூட்டைப் பொறுத்துத் திறந்து மூடும் வால்வு) மூடியபடியே சிக்கிக்கொண்டாலோ வாங்கியது நகராது. ஃபேன் நின்றுபோனால், ரேடியேட்டர் அடைத்துக்கொண்டால், கொடுக்க வழியில்லை. சூடு உள்ளேயே தங்கினால் அலுமினிய சிலிண்டர் ஹெட் கோணலாகி, அதன் அடியில் கசிவை அடைக்கும் கேஸ்கட் போய், இன்ஜின் ஆயிலில் தண்ணீர் கலந்து பால்விட்ட காபி நிறத்துக்கு வந்துவிடும். அப்புறம் செலவைக் கேட்காதீர்கள்.

'குளிரூட்டி' என்ற பெயரை நம்பி யாராவது சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் என்ன ஆகும் என்பதும் என் பயம். உள்ளே அழுத்தம் இருப்பதால் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும், திறந்த நொடியில் பொங்கி முகத்தில் அடிக்கும். அன்று மாமா வந்ததும் துண்டைச் சுற்றிக்கொண்டு அதற்குத்தான் போனார், கையைப் பிடித்து இழுத்தேன்.

ஒரு சிக்கல். வெறும் தண்ணீரும் வெப்பவாங்கிதான், சொல்லப்போனால் கிளைக்கால் என்ற வேதிப்பொருளைத் தண்ணீரில் கலந்த கூலண்ட்டைவிட அதிகமாகவே சூட்டை வாங்கும். துருவும் உப்புப் படிவதும் அதன் குறைகள். அப்படியென்றால் பாட்டிலில் விற்கும் சரக்குக்கு மட்டும் தனிப் பெயர் வேண்டும். 'வெப்பவாங்கிச் செறிவு' வாயில் நுழையவில்லை. யாருக்காவது நல்லதாகத் தோன்றினால் எழுதுங்கள்.