சாப்பாட்டுக் கோப்பை முடிஞ்சால்தான் வயிறு நிறையுமா?

வெள்ளவத்தை, ஊட்டச்சத்து ஆலோசகர்:

"வயிறு நிறைஞ்சது எப்படித் தெரியும்?" என்று கேட்டால், "கோப்பை முடிஞ்சால் தெரியும்" என்பவர்கள் நிறையப் பேர் வருகிறார்கள். ஒரு பருக்கை மிஞ்சக்கூடாது என்று வளர்ந்தவர்கள். பஞ்சமும் இடம்பெயர்வும் பார்த்த அம்மம்மா அப்படிச் சொன்னதைக் குறைசொல்ல முடியாது. ஆனால் அளவு வயிற்றின் கையை விட்டுக் கோப்பையின் கைக்குப் போய்விடுகிறது. அமெரிக்காவில் லியான் பேர்ச் என்ற உளவியல் ஆய்வாளரின் குழுவினர் 1987இல் பாலர்களிடம் இதைப் பார்த்தார்கள். வயிற்றைக் கவனிக்கப் பழக்கிய பிள்ளைகள், முதல் தீனி கனமாயிருந்தால் அடுத்ததைத் தாமாகவே குறைத்தார்கள். காலிசெய்தால் பரிசு என்று பழக்கியவர்கள் குறைக்கவில்லை.

செய்யக்கூடியது: வழக்கமாகப் போடும் சோற்றில் முக்கால் பங்கு மட்டும் போடுங்கள். பாதியில் கையை நிறுத்தி, பசிக்கு 10க்கு எத்தனை என்று கேளுங்கள். பிறகு வேண்டுமென்றே ஒரு பிடி மிச்சம் விடுங்கள். பெரும்பாலானோர் தோற்பது இந்த ஒரு பிடியில்தான். வீணாக்குகிறோம் என்று நெஞ்சு உறுத்தும். அதைக் குப்பையில் போடாமல் சின்ன டப்பாவில் போட்டு பிரிட்ஜில் வையுங்கள், உறுத்தல் பாதியாகும். மாமி வீட்டு விருந்தில் தொடங்க வேண்டாம், அங்கே ஒரு பிடி விட்டால் இரண்டு அகப்பை வந்து விழும். ஏற்கெனவே குறைவாகச் சாப்பிட்டு மெலிந்துகொண்டிருப்பவருக்கு இந்தப் பயிற்சி கூடவே கூடாது.

கொட்டாஞ்சேனை, பாடசாலை ஆலோசகர்:

கோப்பையைக் காலிசெய்யச் சொல்வதன் மறுபக்கம், பிள்ளைக்கு எட்டாமல் பூட்டிய பிஸ்கட் டின். எட்டாததில்தான் பிள்ளையின் கண் நிற்கும். அந்தப் பிள்ளை வளர்ந்து சம்பளம் கைக்கு வந்ததும் பஸ் தரிப்பிடத்தில் நின்றபடி நாலு ரோல்ஸ் போகிறது, வீட்டுக்குத் தெரியாமல். தடையை எடுங்கள்: தேத்தண்ணியோடு இரண்டு பிஸ்கட், இருந்து, எல்லார் முன்னிலையிலும், தினமும். முதல் கிழமைகளில் கூடத்தான் சாப்பிடுவார்கள். அதற்குப் பயந்து திரும்பப் பூட்டினால் செய்ததெல்லாம் வீண்.

பொரளை, உளவியல் சிகிச்சையாளர்:

மேலே சொன்னவை நேர ஒழுங்கு இல்லாமல் நிற்காது. காலையில் வெறும் தேத்தண்ணி, பகல் ஒரு பணிஸ், கொழும்பு காலி வீதி நெரிசல் தாண்டி இரவு எட்டுக்கு வீடு. பன்னிரண்டு மணிநேரம் அரைப்பட்டினி கிடந்த உடம்பு அளவோடு நிறுத்தாது, அதை மனவுறுதிக் குறை என்று திட்டுவது அநியாயம். உணவுக் கோளாறுகளுக்குப் பிரித்தானிய மனநல மருத்துவர் கிறிஸ்டோபர் ஃபேர்பேர்ன் வகுத்த சிகிச்சையில் மூன்று வேளைச் சாப்பாடும் இரண்டு மூன்று சிறுதீனியும், இடைவெளி நாலு மணிநேரத்துக்கு மேல் போகாமல். 7க்கு இடியப்பம், 10.30க்கு அவித்த கடலை, 1க்குச் சோறு, 4.30க்கு வாழைப்பழம், 8க்குப் பிட்டு என்று வைக்கலாம். பசிக்காவிட்டாலும் மணிக்குச் சாப்பிட வேண்டும், ஏனென்றால் இப்படி அரைப்பட்டினியில் பழகியவரின் பசிச் சமிக்ஞையை இப்போதைக்கு நம்ப முடியாது. இரவு அளவு மீறிய மறுநாள் காலையைத் தவிர்ப்பதுதான் வழக்கமான பிழை. அடுத்த இரவும் அப்படியே போகும். சாப்பிட்டதை உடனேயே கொப்பியில் எழுதுங்கள், இரவில் நினைத்து எழுதினால் பாதி மறந்திருக்கும்.

ஒன்று சொல்ல வேண்டும்: இந்தப் பழக்கங்களுக்கு எல்லாப் பழியும் வளர்த்த அம்மா தலையில் இல்லை, பரம்பரைக்கும் பங்குண்டு. கட்டுப்பாடின்றி மிதமிஞ்சிச் சாப்பிடுவது கிழமைக்கு ஒரு தடவையாவது மூன்று மாதம் நீடித்தால் வைத்தியரைப் பாருங்கள். விரலை விட்டு வாந்தி எடுப்பதென்றால் மாதக்கணக்குப் பார்க்க வேண்டாம். இரத்தத்தில் பொற்றாசியம் இறங்கி இதயத் துடிப்பு குழம்பலாம். இலங்கையில் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைக்கலாம்.