ரவிக்கை தைத்த கையோடு லைனிங் கோட் தைத்த அனுபவம்

எங்கள் ஊர்ப் பக்கம் ஜாக்கெட் என்றால் ரவிக்கைதான். பொள்ளாச்சியில் அம்மா முப்பது வருடம் அக்கம்பக்கத்தாருக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுத்த வீட்டில் வளர்ந்தவள் நான். பத்தாவது படிக்கும்போதே லைனிங் ஜாக்கெட் வெட்டித் தைப்பேன். அந்தத் தைரியத்தில்தான் கிளாஸ்கோ வந்த இரண்டாவது குளிர்காலத்தில் லைனிங் வைத்த கம்பளிக் கோட் ஒன்றை வீட்டிலேயே தைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். முதல் கோட் கெட்டுப்போனது, அம்மாவுக்காகத் தைத்த இரண்டாவது நன்றாக வந்தது. நடுவில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன், ஏனென்றால் ரவிக்கை தைத்துப் பழகியவர்களுக்கு நான் செய்த அதே தப்புதான் முதலில் கைக்கு வரும்.

ரவிக்கையில் லைனிங்கை எப்படி வைப்போம்? மேல்துணித் துண்டு ஒவ்வொன்றின் மேலும் லைனிங் துண்டை வைத்து ஓரம் அடித்து, இரண்டையும் ஒரே துணியாக நினைத்துத் தைப்போம். கோட்டையும் நான் அப்படியே தைத்தேன். போட்டுப் பார்த்தபோது தையல் ஒவ்வொன்றும் கயிறு மாதிரி தடித்து நின்றது. லைனிங் துணி கொஞ்சமும் நீளாது, கம்பளியோ உடம்பு அசைய அசைய நீண்டு கொடுக்கும். இரண்டும் ஒட்டிக்கிடந்ததால் கம்பளி தொங்கி, லைனிங் இழுத்துப் பிடித்து, முதுகெல்லாம் சுருக்கம். மூன்றாம் நாள் பஸ்ஸில் கைப்பிடியைப் பிடிக்கக் கையைத் தூக்கினேன், அக்குளுக்குப் பின்னால் லைனிங் விட்டுவிட்டது.

கோட்டின் லைனிங் தனி உடுப்பு என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. உள்ளே இன்னொரு கோட் தொங்குகிறது, கழுத்து, முன் ஓரம், அடி, கை நுனி ஆகிய இடங்களில் மட்டும் வெளிக்கோட்டைத் தொடுகிறது. அதனால் அதை வெளிக்கோட்டைவிடக் கொஞ்சம் பெரிதாக வெட்ட வேண்டும். முதுகின் நடுவில் மேலிருந்து கீழ்வரை ஒரு அங்குலம் மடிப்பாக விட்டால், கையை முன்னால் நீட்டும்போது அந்த மடிப்பு திறந்து கொடுக்கும். அக்குளில் லைனிங்கை அரை அங்குலம் மேலே ஏற்றி வெட்ட வேண்டும். அங்கே வெளிக்கோட்டின் தையல் ஓரம் மடங்காமல் நிமிர்ந்து நிற்கும், லைனிங் அதைத் தாண்டிப் போயாக வேண்டும். என் முதல் கோட் கிழிந்ததும் சரியாக அந்த இடத்தில்தான். அடியிலும் கை நுனியிலும் லைனிங்கை இழுத்து வைக்காமல் சின்னதாக ஒரு மடிப்பு தொங்கும்படி தைத்தால் போதும்.

லைனிங்கை மேல்துணியோடு ஒட்டித் தைக்கும் கோட் வகையே கிடையாதா என்று கேட்டால், உண்டு. 1954ல் ஆடை வடிவமைப்பாளர் காப்ரியேல் ஷனேல் பாரீஸில் தன் கடையை மறுபடி திறந்த பிறகு பேர் வாங்கிய ட்வீட் (சொரசொரப்பான கம்பளித் துணி) ஜாக்கெட்டுகள் அந்த வகைதான். பட்டு லைனிங்கை மேல்துணியோடு வரிவரியாக மிஷின் தையல் போட்டு இணைத்திருப்பார்கள், கோட் நேராகத் தொங்குவதற்காக அடி ஓரத்தில் உள்பக்கம் ஒரு உலோகச் சங்கிலி ஓடும். ஆனால் அங்கே துண்டுகளை இணைத்த பிறகு லைனிங்கின் ஓரங்களை மடித்துக் கையால் தைத்து மூடுவார்கள். நாம் ரவிக்கைக்குச் செய்வது போல மொத்தமாகச் சேர்த்து அடிப்பதில்லை. அழகான வேலை, பொறுமை இருப்பவர்கள் தாராளமாகச் செய்யலாம். காலர் மடிந்து நிற்கும் சாதாரணக் கோட்டுக்கு அது வேண்டாம்.

அம்மா மே மாதம் வருவதாகச் சொன்னதும் இரண்டாவது கோட்டை ஆரம்பித்தேன். இங்கே மே மாதமே அம்மாவுக்கு எங்கள் ஊர் மார்கழியைவிடக் குளிராக இருக்கும். துணி ஹாரிஸ் ட்வீட். ஸ்காட்லாந்தின் மேற்கே லூயிஸ், ஹாரிஸ், யூயிஸ்ட், பாரா தீவுகளில், அங்கேயே சாயம் தோய்த்து நூற்ற கம்பளியை நெசவாளிகள் தங்கள் வீட்டுத் தறியில் மின்சாரம் இல்லாமல் நெய்தால்தான் அந்தப் பெயரும் கோள முத்திரையும் கிடைக்கும். இதற்கென்றே 1993ல் சட்டம் போட்டிருக்கிறார்கள். நான் வாங்கியது பழைய தறியில் நெய்த 75 சென்டிமீட்டர் அகலத் துணி. அகலத் தறியில் இதைப்போல் இரண்டு மடங்கு வரும், ஆகவே எத்தனை மீட்டர் என்று கணக்குப் போடும் முன் அகலத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். வெட்டுவதற்கு முன் ஈரத் துணி போட்டு ஆவியில் இஸ்திரி போட்டு ஒரு நாள் அப்படியே விட்டேன். சுருங்குவதெல்லாம் அப்போதே சுருங்கிவிட வேண்டும்.

ஆனால் கோட்டின் அளவு தீர்மானமானது ட்வீட்டில் இல்லை, காடாத் துணியில். இதை நான் அழுத்திச் சொல்வேன். ரவிக்கைக்கு அளவு ரவிக்கை ஒன்று கொடுத்தால் போதும், கோட்டுக்கு அது நடக்காது. விலை குறைந்த காடாவில் முழுக் கோட்டையும் லைனிங், காலர் இல்லாமல் பெரிய தையலாகப் போட்டு, உடம்பில் மாட்டி, ஊசி குத்தி, பிரித்து, மறுபடி தைக்க வேண்டும். அம்மா வந்து இறங்கிய நான்காம் நாளே நிற்க வைத்துவிட்டேன்.

"புடவைக்கு மேலதானே போடப்போறேன், முந்தானைய எங்க கண்ணு வைக்கறது?" என்று அம்மா கேட்ட கேள்வியில்தான் எல்லாமே மாறியது. நான் ரவிக்கைக்கு மேல் அளவெடுத்து வைத்திருந்தேன். புடவை கட்டி, முந்தானையைப் பின்பக்கமாகச் சுற்றிக் கொண்டுவந்து வலது இடுப்பில் செருகிய பிறகு எடுத்தால் இடுப்பில் மூன்று அங்குலம் கூடிவிட்டது. இடது தோளில் முந்தானை மடிப்பு அடுக்கடுக்காக உட்கார்ந்திருக்கிறது. அதற்கு மேல் காடாவைப் போட்டால் இடது தோள் ஏறி, பின் கழுத்துக்குக் கீழே குறுக்காக ஒரு மடிப்பு விழுந்தது.

அந்தச் சுருக்கங்களைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. பின் கழுத்துக்குக் கீழே குறுக்கு மடிப்பு விழுந்தால் பெரும்பாலும் தோள் நாம் வெட்டியதைவிடச் சரிவு குறைந்து, உயரமாக இருக்கிறது. கழுத்தோரத்திலிருந்து அக்குளை நோக்கிச் சாய்வாகச் சுருக்கம் ஓடினால் தோள் அதைவிடச் சரிவாக இருக்கிறது. அம்மாவுக்கு இடது பக்கம் முதல் வகை, வலது பக்கம் இரண்டாவது வகை! இடது தோள் தையலைப் பிரித்து நுனியில் அரை அங்குலம் உயர்த்தினேன், அக்குளையும் அதே அளவு ஏற்றினேன். வலது தோளில் மட்டும் பேட் வைத்தேன், இடது பக்கம் பேட்டே கிடையாது, முந்தானைதான் பேட். மாட்டிப் பார்த்தால் இரண்டு தோளும் ஒரே மட்டம்.

கைக்குழியைப் பற்றி ஒரு வார்த்தை. கை தூக்க வசதியாக இருக்கட்டும் என்று அதை ஆழமாக வெட்டத் தோன்றும். நடப்பது நேர்மாறு. குழி கீழே இறங்க இறங்க, கையைத் தூக்கினால் கோட் முழுவதும் கூடவே மேலே ஏறும். அக்குளுக்கு நெருக்கமாக வெட்டினால்தான் கை தனியாக அசையும். கோட்டின் கையை மாட்டும்போது அம்மாவைச் சும்மா நிற்கச் சொல்லி, அவர் கை இயல்பாகத் தொங்குவதைப் பார்த்தேன். வருடக்கணக்காக மிஷினில் குனிந்து உட்கார்ந்ததில் அம்மாவின் கை கொஞ்சம் முன்னால் வந்து தொங்குகிறது. காகித அளவுப்படி மாட்டிய கையில் பின்பக்கம் சாய்வாகச் சுருக்கம் விழுந்தது. பிரித்து, கோட்டின் கையை அரை அங்குலம் முன்பக்கமாகத் திருப்பி ஊசி குத்தினேன், அத்தனை சுருக்கமும் போய்விட்டது. அம்மா கண்ணாடியில் பார்த்துவிட்டு, "இத எப்படிடி கண்டுபுடிச்ச?" என்றார். அம்மாவிடமிருந்து அந்தக் கேள்வி வந்தது எனக்குப் பெரிய விஷயம்.

மூன்று காடாவுக்குப் பிறகு ட்வீட்டில் தைப்பது வேகமாகவே நடந்தது. முன்பக்கம் விறைப்பாக நிற்க உள்ளே கேன்வாஸ் துணி, காலர் மடிப்பில் கையால் சின்னச் சின்னத் தையல், காஜாவும் கையால்தான். கோட்டுக் கையின் மேல்பகுதியில் ஒன்றேகால் அங்குலம் கூடுதல் துணி இருந்தது. அதை ஓட்டுத் தையலில் இழுத்துச் சுருக்கி, இறுக்கமாகச் சுருட்டிய குளியல் துண்டின் மேல் வைத்து ஆவி பிடித்தால் கம்பளி தானாகச் சுருங்கி உருண்டையாக நிற்கும். பருத்தியில் இது நடக்காது. ஒவ்வொரு தையலையும் ஆவியில் அழுத்திய உடனே எடுக்காமல், மேலே ஒரு மரக்கட்டையை வைத்து ஆறும்வரை விட்டேன், அப்போதுதான் தடிமனான ட்வீட் படிகிறது.

கடைசியில் லைனிங். சுற்றிலும் மிஷினில் தைத்து முடித்ததும் கோட் உள்வெளியாக ஒரு மூட்டை மாதிரி கிடக்கும். இடது கை லைனிங் தையலில் ஒரு சாண் திறந்து விட்டிருந்தேன். அந்த வழியாக முதலில் ஒரு காலர் முனை வெளியே வந்தது, அப்புறம் முன்பக்கம், பிறகு ஒரு கை, கொஞ்சம் கொஞ்சமாக முழுக் கோட்டும் வந்தது. அம்மா கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தத் திறப்பைக் கையால் தைத்து மூடியது அம்மாதான்.

மாட்டிக்கொண்டு சமையலறைக்குப் போய் மேல் அலமாரியில் இருந்த பருப்பு டப்பாவை எடுத்துப் பார்த்தார். "கை தூக்கினாலும் கோட்டு மேல வரலியே" என்றார். பிறகு கழற்றி, இடுப்புப் பக்கம் லைனிங்குக்குள்ளே இருந்த தையலை விரலால் தடவிப் பார்த்தார்.

"உள்ள எத்தன உட்டிருக்கற?"

"ஒரு அங்குலம்மா."

"பத்தாது கண்ணு. ஒன்றரை உடோணும்."