ரெசல்யூஷன்: ‘தெளிவுத்திறன்’ ஏன் போதாது

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரு படம் எத்தனை படப்புள்ளிகளால் (பிக்சல்) ஆனது என்பதைச் சொல்லும் ரெசல்யூஷன் என்பதற்குத் ‘தெளிவுத்திறன்’ என்ற சொல் புழக்கத்தில் ஊன்றிவிட்டது, அதைக் கலைக்க வேண்டாம் என்று கலைச்சொற்கள் பற்றிய இந்த உரையாடல் இழையில் சொல்லப்பட்ட கருத்தை மதிக்கிறேன். ஆயினும் தொலைக்காட்சியுடன் இணைத்து ஆடும் கன்சோல் கருவிகளின் விளையாட்டுகளைப் பற்றி எழுதப் புகும்போது அச்சொல் நம்மைக் கைவிடுகிறது.

திரைப்படத்தின் சட்டகங்கள் (ஃப்ரேம்), அதாவது அடுத்தடுத்துக் காட்டப்படும் தனிப்படங்கள், முன்பே எடுத்து வைக்கப்பட்டவை. விளையாட்டிலோ ஒவ்வொரு சட்டகத்தையும் வரைகலைச் செயலி (ஜிபியு) அந்தந்தக் கணத்தில் வரைந்தாக வேண்டும். வினாடிக்கு 60 சட்டகம் என்றால் ஒன்றுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 16.7 மில்லிவினாடிதான். 1080பி (1920×1080) படத்தில் 20,73,600 படப்புள்ளிகள். 4கே (3840×2160) படத்தில் அதைப் போல் நான்கு மடங்கு. அத்தனை புள்ளிகளுக்கும் நிறம் கணிப்பதிலேயே நேரம் தீர்ந்துவிட்டால், நிழலுக்கும், நீரில் தெரியும் எதிரொளிப்புக்கும், விளிம்புகளில் தெரியும் படிக்கட்டு போன்ற வெட்டுகளை மழுக்குவதற்கும் ஒன்றும் மிஞ்சாது. ஆகவே புள்ளிகளைக் குறைத்து, மிச்சமாகும் நேரத்தை ஒவ்வொரு புள்ளியின் செம்மைக்கும் செலவிடுவது உண்டு. 2013இல் எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்சோலுடன் வெளியான ‘ரைஸ்: சன் ஆஃப் ரோம்’ என்ற விளையாட்டு 1600×900 அளவில் வரையப்பட்டு, 1920×1080 ஆகப் பெரிதாக்கிக் காட்டப்பட்டது. புள்ளிகள் பத்தில் மூன்று பங்கு குறைவு. இருந்தும் அதன் காட்சியழகு பரவலாகப் பாராட்டப்பட்டது.

இதனைத் ‘தெளிவுத்திறனைக் குறைத்துக் காட்சித்தரத்தைக் கூட்டினர்’ என்று எழுதினால், படிப்பவர் முரண் என்றே கொள்வார். புள்ளிகளின் எண்ணிக்கையைக் குறிக்க வேண்டிய சொல்லுக்குள் தரம் பற்றிய தீர்ப்பையும் நாம் வைத்துவிட்டதே காரணம். அதற்கு மாற்றாக நான் சொல்லும் ‘பிரிதிறன்’ என்பதில் இந்தச் சிக்கல் இல்லை. அருகருகே உள்ள இரண்டைப் பிரித்துக் காட்டும் திறன் என்ற அளவில் அது நின்றுகொள்கிறது.

இதிலிருந்து கிளைச்சொற்களும் எளிதில் பிறக்கின்றன. வரைகலைச் செயலி வரையும் அளவை ‘வரைபிரிதிறன்’ என்றும், திரைக்குச் செல்லும் அளவைத் ‘திரைப்பிரிதிறன்’ என்றும் பிரிக்கலாம். முன்னது வினைத்தொகை, ஆதலால் அங்கே ஒற்று மிகாது. காட்சியின் சுமைக்கேற்பச் சட்டகத்துக்குச் சட்டகம் மாறுவதை ‘இயங்கு பிரிதிறன்’ என்று இவ்விழையில் ஒருவர் முன்மொழிந்தார். ஆனால் ‘இயங்கு’ என்பது இயங்குதளம், இயங்குமுறை எனப் பல இடங்களில் அடைமொழியாகிவிட்ட சொல்; இந்த இயல்பைத் தனித்துச் சுட்டாது. சுமை கூடினால் தாழ்ந்து, குறைந்தால் மீளும் இயல்பைச் சுட்ட ‘நெகிழ்பிரிதிறன்’ என்பதே பொருந்தும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

‘வரை’ என்பதற்கு எல்லை என்ற பொருளும் உண்டு என்பது மட்டும் உறுத்துகிறது. ‘தீட்டு’ என்ற வினையையும் எண்ணிப் பார்த்தேன். அதன் மற்றொரு பொருள் கருதி விட்டுவிட்டேன்.

குறைந்த புள்ளிகளைக் கொண்டு மிகுந்த புள்ளிகளை உருவாக்கும் அப்ஸ்கேலிங்குக்கு இன்னும் சொல் அமையவில்லை. ‘உருப்பெருக்கம்’ நுண்ணோக்கிக்கு உரியது. இங்கோ இல்லாத புள்ளிகள் கணித்து இட்டு நிரப்பப்படுகின்றன. ‘புள்ளிநிரப்பல்’ தகுமா என்று நண்பர்கள் சொல்ல வேண்டுகிறேன்.