கூட்டமான ரூட்டுக்கு டபுள் டெக்கரா, சிங்கிளா?

ஜன்னல்சீட்:
நான் தினம் போற ரூட்ல காலைல படிக்கட்டுல தொங்கிட்டுதான் போகணும். இப்ப அதுல டபுள் டெக்கர் விடலாமா, இல்ல சிங்கிள் பஸ்ஸையே அதிகமாக்கலாமான்னு பயணிகள்கிட்ட கருத்து கேட்டிருக்காங்க. ரோட்ல அதே நீளம்தான் அடைக்கும், ஆனா சீட் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, அப்ப டபுள் டெக்கர்னு எழுதிடலாம்ல? ஏதாவது யோசிக்காம விட்டுட்டேனா?

டிப்போக்காரன்:
உங்க ரூட்ல ஒருத்தர் சராசரியா எத்தன ஸ்டாப் போறாரு, அத முதல்ல பாருங்க. நான் ரெண்டு வண்டியும் ஓட்டியிருக்கேன். மூணு நாலு ஸ்டாப்ல இறங்கறவங்க மாடி ஏறவே மாட்டாங்க, கதவுகிட்டயே நிப்பாங்க, மேல சீட் காலியா கெடக்கும் கீழ மூச்சு விட முடியாது. மேல நின்னுட்டு வரவும் விடமாட்டாங்க. சிங்கிள்ல நிக்கற ஆளையும் சேத்து எண்ணுனீங்கன்னா அந்த ரெண்டு மடங்கு கணக்கு ரொம்பவே சுருங்கிடும். அப்புறம் இறங்கறவங்க ஒத்தப் படில ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா வரணும், அதுவர வண்டி நிக்கணும். ஸ்டாப்புக்கு 20 செகண்ட் கூடுச்சுன்னா 30 ஸ்டாப்ல 10 நிமிஷம் போச்சு, அதுக்குள்ள பின்னாடி வண்டி வந்து ஒட்டிக்கும், அப்புறம் ரெண்டும் ஜோடியாதான் ஓடும்.

மூணாவதுகியர்:
அண்ணன் சொல்றது சின்ன தூர ரூட்டுக்கு சரி. ஹாங்காங்ல மூணு அச்சு டபுள் டெக்கர்தான் முக்கால்வாசி வேலைய பாக்குது, அங்க நிறைய ரூட் ஹைவே, சுரங்கம்னு நிக்காம ஓடும், ஆள் ஏறி உக்காந்தா கடைசிலதான் இறங்குவாங்க. படி பிரச்சனைக்கும் வழி இருக்கு, லண்டன்ல 2012ல வந்த புது ரூட்மாஸ்டர்ங்கற டபுள் டெக்கருக்கு மூணு கதவு, ரெண்டு படிக்கட்டு. அதே லண்டன்ல ரெண்டு பெட்டிய நடுவுல மடங்கற மாதிரி சேத்த 18 மீட்டர் இணைப்பு பஸ்ஸும் ஓடுச்சு, 2011 டிசம்பரோட எடுத்துட்டாங்க. ஏறி இறங்க அத விட வசதியான வண்டி இல்ல, ஆனா வளைவுக்கும் ஸ்டாப்புக்கும் இடம் வேணும். கேக்கறப்ப எத்தன கதவுன்னும் சேத்து கேளுங்க.

மல்லிகை:
எங்கம்மாவுக்கு முட்டி வலி, மாடி ஏற முடியாது. கீழ்த்தளத்துல படிக்கட்டும் இடத்த பிடிச்சுக்கறதால அங்க சீட் சிங்கிள் பஸ்ஸ விட கம்மி, அத யாருமே சொல்றதில்ல. இன்னொன்னு, பெரிய வண்டி வந்தா ட்ரிப்ப குறைச்சிடுவாங்க. அஞ்சு நிமிஷத்துக்கு ஒண்ணு வந்தது பத்து நிமிஷம் ஆகும், விட்டுட்டா வெயில்ல நிக்கணும். ட்ரிப் குறையக்கூடாதுன்னு தயவுசெஞ்சு எழுதுங்க.

ஜன்னல்சீட்:
எல்லாருக்கும் நன்றி. இன்னைக்கு காலைல எண்ணிப் பாத்தேன், என்கூட ஏறுன 22 பேர்ல 15 பேர் ரயில் ஸ்டேஷன்லயே இறங்கிட்டாங்க, அது அஞ்சாவது ஸ்டாப். அகலமான ரெண்டு கதவோட தாழ்தள சிங்கிள் பஸ், இப்ப இருக்கறத விட அடிக்கடி வேணும்னு எழுதப் போறேன். ஸ்டேஷன் தாண்டி கடைசி வரைக்கும் போறவங்களுக்கு காலைல ரெண்டு டபுள் டெக்கர் எக்ஸ்பிரஸ் விடலாம்னும் சேத்துக்கறேன், வழில ஒரு தாழ்வான பாலம் இருக்கு, அதோட உயரத்த மட்டும் பாத்துட்டு.