தேக்குக் கப்பல் ட்ரிங்கோமலி: 200 ஆண்டு தாண்டியும் மிதப்பது எப்படி?

பாய்மரம்17:
இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறைமுகத்தில் நிற்கும் பிரிட்டிஷ் போர்க்கப்பல் எச்எம்எஸ் ட்ரிங்கோமலி (திருகோணமலைக் கடற்போரின் பெயர்தான்) 1817-இல் பம்பாயில் கட்டியது. இன்றும் தண்ணீரில் மிதக்கிறது. ஓக்கில் கட்டிய நெல்சனின் கப்பல் விக்டரியோ 1922 முதல் உலர்துறையில் (தண்ணீர் வடித்த கப்பல் துறை). தேக்கு, ஓக் வித்தியாசம்தான் காரணமா? இப்போது பார்ப்பதில் பழைய மரம் எவ்வளவு?

ஏராக்கட்டை:
தேக்கு பாதிக் காரணம். ஓக்கில் டானின் அதிகம். ஈரம் பட்டால் அது இரும்பு ஆணியை அரிக்கும். துருவேறிய ஆணி சுற்றியுள்ள மரத்தைக் கெடுக்கும். ஆணி தளர்ந்தால் பலகை அசையும், கலப்பத்து (பலகை இடுக்கில் திணித்த நார் அடைப்பு) விட்டுப்போகும், தண்ணீர் ஏறும். தேக்கின் எண்ணெய்ப்பசை இரும்பைக் காக்கும், பூஞ்சையையும் அண்டவிடாது. ஆனால் இதெல்லாம் வைரத்துக்குத்தான் (மரத்தின் உள்மையம்). வெளிறை (பட்டையை ஒட்டிய வெளி மரம்) செதுக்கி எடுக்காமல் விட்டால் தேக்கும் உளுத்துப்போகும்.

ட்ரிங்கோமலியைக் கட்டிய, வாடியா குடும்பத்து ஜம்சேட்ஜி பொமன்ஜி இதற்குப் பயன்படுத்தியது மலபார் தேக்கு. பச்சைத் தேக்கு ஆற்றில் மிதக்காது. அதனால் அடிமரத்தில் பட்டையை வளையமாக வெட்டி, நின்றபடியே காயவிட்டு, பிறகு வெட்டுவார்கள்.

அமரம்:
மீதிப் பாதி: மழை. உப்புத் தண்ணீரில் ஊறிய மரத்தைவிட மழைநீர் தேங்கிய மரம் சீக்கிரம் அழுகும். மேல்தளம் பக்கச்சுவரைத் தொடும் இடமும், வங்குகளின் (விலாச் சட்டங்கள்) மேல்நுனியும் முதலில் போகும். ட்ரிங்கோமலி 1819-இல் போர்ட்ஸ்மவுத் வந்ததும் பாய்மரங்களைக் கழற்றி, மேலே கூரை போட்டு, 1845 வரை சும்மா நிறுத்திவிட்டார்கள். நெப்போலியன் போர் முடிந்து வேலை இல்லாமல் போனது கப்பலுக்கு நல்லதாயிற்று. பிறகு 38 பீரங்கிக் கப்பலை 26 ஆகக் குறைத்து (எண்ணிக்கை குறைவு, பீரங்கி பெரிது) 1847-இல் கடலுக்கு அனுப்பினார்கள்.

1897-இல் உடைப்பதற்கு விற்றாகிவிட்டது. ஜெஃப்ரி வீட்லி காப் மீட்டு வாங்கி, ‘ஃபூட்ராயன்ட்’ எனப் பெயர் மாற்றிப் பயிற்சிக் கப்பலாக்கினார். அந்த வேலை 1986 வரை ஓடியது. 1987-இல் மிதவைமேல் ஏற்றி ஹார்ட்டில்பூலுக்குக் கொண்டுபோனார்கள்; 1992-இல் பழைய பெயர் திரும்பியது; 2001-இல் சீரமைப்பு முடிந்தது. பழைய மரம் ஏறத்தாழ 60 சதவீதம்.

வங்கு:
மிதந்தாலும் நோய் உண்டு. நடுப்பகுதி அகலம், தண்ணீர் அதை நன்றாகத் தாங்கும். அணியமும் (முன்பக்கம்) அமரமும் (பின்பக்கம்) ஒடுக்கம், ஆனால் பாரம் அதிகம். அவை மெல்லத் தொங்க, ஏரா (கப்பலின் அடிமுதுகெலும்பு மரம்) நடுவில் முதுகு தூக்கும். அமெரிக்காவின் பழைய போர்க்கப்பல் கான்ஸ்டிடியூஷனில் இப்படி 13 அங்குல வளைவு இருந்தது; 1990-களில் உள்ளே மூலைவிட்டமாகக் கட்டைகள் பூட்டித்தான் சரிசெய்தார்கள். உலர்துறையில் நேர்மாறு: தாங்க நீர் இல்லை, பாரமெல்லாம் ஏராவிலும் முட்டுகளிலும் இறங்கும், பக்கங்கள் பிதுங்கும். விக்டரிக்கு 134 புதிய முட்டுகள் வைத்ததும் அதனால்தான்.

பாய்மரம்17:
1812-இல் உத்தரவிட்ட கப்பல் 1817-இல்தான் நீரில் இறங்கியது. ஏன் இவ்வளவு தாமதம்?

அமரம்:
வரைபடம் தொலைந்ததும் ஒரு காரணம். பம்பாய்க்கு அதைக் கொண்டுவரக் கிளம்பியது எச்எம்எஸ் ஜாவா. 1812 டிசம்பர் 29-இல் பிரேசில் கடலோரத்தில் அதை வீழ்த்தியது வேறு கப்பல் அல்ல, மேலே வங்கு சொன்ன அதே கான்ஸ்டிடியூஷன். மறுபடி வரைபடம் அனுப்ப வேண்டியதாயிற்று. ஏரா வைத்ததே 1816-இல்தான்.