வீதிக் கணக்குக் கேட்ட கதைகள்: போருக்குப் பிறகு இலங்கையின் வடக்கில் இளைஞர் குழுக்களின் அனுபவப் பகிர்வு

கிளிநொச்சியிலிருந்து:

2009க்குப் பிறகு எங்கள் பக்கம் ஜனநாயகம் பற்றிய பயிற்சிப் பட்டறைகளுக்குப் பஞ்சமே இல்லை. மத்தியானச் சாப்பாடு, சான்றிதழ், குழுப் படம், அதோடு சரி. அப்படியொரு பட்டறையில் பழக்கமான சிலர் சேர்ந்ததுதான் எங்கள் குழு. அரச அலுவலகங்களின் கையில் உள்ள தகவலைக் குடிமக்கள் கேட்டுப் பெற வழிசெய்யும் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 அன்று நடைமுறைக்கு வந்தபோது, இதை வைத்து ஏதாவது செய்து பார்ப்போமே என்று யோசித்தோம். பெரிய விசயம் எதையும் எடுக்கவில்லை. ஊருக்குள் போட்ட கொங்கிரீட் வீதி ஒரு மாரியைக்கூடத் தாங்கவில்லை. அதன் மதிப்பீடும் கொடுப்பனவு விபரமும் வேண்டும் என்று பிரதேச சபைக்கு எழுதினோம்.

விண்ணப்பம் எழுதுவது சுலபம். அதில் யார் பெயரைப் போடுவது என்பதில்தான் எல்லாம் நின்றது. "பேரும் விலாசமும் எழுதி நாங்களே கொண்டுபோய்க் குடுக்கிறதோ தம்பி? பட்டது காணாதோ?" என்று ஒரு ஐயா எழும்பிப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. கடைசியில் கையெழுத்து வைத்தவர் ஒரு அம்மா. கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரி 20இல் தொடங்கிய போராட்டத்தில் இருந்தவர். போரையும் காணாமல் போனோரையும் பற்றி விசாரிக்க அரசு அமைத்த நல்லிணக்க ஆணைக்குழு, பரணகம ஆணைக்குழு என்று மகனுக்காகக் கொடுத்த கடிதங்கள் எல்லாவற்றின் பிரதியும் அவரிடம் ஒரு பையில் இருந்தன. "பிள்ளையள், குடுத்ததுக்குச் சீல் குத்தி வாங்குங்கோ. பிறகு தரேல்லை எண்டு சொல்லுவினம்" என்றார். எந்தப் பட்டறையிலும் இதை எங்களுக்குச் சொல்லித் தரவில்லை.

சபையில் விண்ணப்பத்தை வாங்கிய அலுவலர் கேட்ட முதல் கேள்வி, "நீங்கள் எந்தக் கட்சி?" அடுத்தது, "ஏன் கேக்கிறியள்?" காரணம் சொல்லத் தேவையில்லை என்று சட்டத்திலேயே இருக்கிறது. விண்ணப்பம் கிடைத்ததற்கு எழுத்தில் பற்றுச்சீட்டும் தர வேண்டும். சட்டப் பிரதியைக் காட்டிய பிறகுதான் தந்தார். பதிலுக்குச் சட்டம் கொடுக்கும் 14 வேலை நாட்கள் போயின, பதில் இல்லை. இப்படியான மேன்முறையீட்டைப் பார்க்கும் 'குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு' மேன்முறையீடு செய்தோம். அதற்கிடையில் எங்களில் ஒருவரின் வீட்டுக்கு யாரோ வந்து "பின்னால ஆர் இருக்கினம்?" என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். அதன் பிறகு இரண்டு பேர் வருவதை நிறுத்திக்கொண்டார்கள்.

கடைசியில் ஆவணம் வந்தது. இரு பக்கமும் வடிகாலுக்குப் பணம் கொடுத்ததாக அதில் இருந்தது. வீதியில் வடிகாலே கிடையாது. அந்தத் தாளைப் பிரதி எடுத்துச் சனசமூக நிலையச் சுவரில் ஒட்டினோம். எழும்பிப் போன ஐயாதான் எல்லோருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினார்!

மன்னாரிலிருந்து:

2018 உள்ளூராட்சித் தேர்தலில் பெண்களுக்கான 25 வீத ஒதுக்கீட்டில் சபைக்குப் போனவள் நான். உறுப்பினராக இருந்தும் வீதி வேலைகளின் மதிப்பீட்டைப் பார்க்கக் கேட்டால் "பிறகு பாப்பம் அக்கா" என்பார்கள். உள்ளே கேட்டுக் கிடைக்காததை, எங்கள் ஊர்ப் பொடியள் தகவல் உரிமையில் எடுத்துக்கொண்டு வந்து என்னிடம் தந்தார்கள். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. 2023 மார்ச்சில் சபைகள் கலைந்து, 2025 மே வரை தேர்தலே இல்லாமல் போனதல்லவா? அந்த இரண்டு வருடமும் கேள்வி கேட்க உறுப்பினரும் இல்லை, சபை அமர்வும் இல்லை. ஆனால் தகவல் உரிமை விண்ணப்பத்தை எவரும் நிறுத்த முடியவில்லை.

ஓய்வுபெற்ற அலுவலர் ஒருவர்:

மேசைக்கு மற்றப் பக்கம் இருந்தவன் என்பதால் ஒன்று சொல்கிறேன். இளைஞர்கள் "ஏன் ஊழல் நடந்தது?" என்று எழுதிக்கொண்டு வருவார்கள். அதற்கு நான் என்ன பதில் எழுதுவது? சட்டம் கையில் இருக்கும் தகவலைத்தான் தரச் சொல்கிறது. வீதியின் பெயர், ஆண்டு, வேண்டிய ஆவணம் எது என்று குறிப்பாகக் கேளுங்கள். ஐந்து இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட உள்நாட்டு நிதித் திட்டமென்றால், வேலை தொடங்க மூன்று மாதத்துக்கு முன்பே விபரத்தை வெளியிட வேண்டும் என்று 9ஆம் பிரிவு சொல்கிறது. வீதி உடைந்த பிறகு ஓடி வராமல் அப்போதே வாருங்கள்.