180 நாளா, 540 நாளா, இல்லவே இல்லையா? எச்-4 இஏடி நீட்டிப்பு: எந்த விதியை நம்புவது? (அவசரம்)

டல்லாஸ்_மீனா
வணக்கம். நான் எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் துணைக்கு அமெரிக்கா தருவது) இருக்கிறேன். என் இஏடி அட்டை, அதாவது வேலை அனுமதி அட்டை, 2025 டிசம்பர் 5 அன்று முடிகிறது. புதுப்பிக்க விண்ணப்பம் போட்டாயிற்று, புது அட்டை இன்னும் வரவில்லை. ரசீது கையில் இருந்தால் தானாகவே நீட்டிப்பு உண்டு என்றுதான் நம்பியிருந்தோம். இன்று ஹெச்ஆரிலிருந்து மெயில் வந்திருக்கிறது: தானியங்கி நீட்டிப்பு ரத்தாகிவிட்டதாம், 5ஆம் தேதியோடு வேலை கிடையாதாம். சரி, விதியையே பார்த்துவிடுவோம் என்று சிஎஃப்ஆர் (அமெரிக்க மத்திய அரசு விதிகளின் தொகுப்பு) பிடிஎஃப் இறக்கினேன். அதில் 180 நாள் என்று இருக்கிறது. புது விதிகள் வெளியாகும் அரசிதழான ஃபெடரல் ரெஜிஸ்டரில் தேடினால் 540 நாள் என்கிறது. ஹெச்ஆர் ஒன்றுமே இல்லை என்கிறது. மூன்றும் அரசாங்கம் சொன்னதுதானே? எதை நம்புவது? திங்கட்கிழமைக்குள் பதில் அனுப்ப வேண்டும். தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

காவிரிக்கரை
விண்ணப்பம் எப்போது போட்டீர்கள்? அந்தத் தேதி தெரியாமல் யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது.

எடிசன்_அண்ணாச்சி
இது அந்த கோர்ட் கேஸ் விவகாரம்தான் தங்கச்சி. எச்-4 காரர்களுக்கு வேலை அனுமதியே கூடாது என்று ஒரு அமைப்பு வருடக்கணக்காக வழக்கு நடத்தியதே, அதில் தடை வந்திருக்கும். நான் அப்போதே சொன்னேன், யாரும் கேட்கவில்லை.

பே_ஏரியா_குமரன்
அண்ணாச்சி, அது வேறு கதை. எச்-4 காரர்களுக்கு இஏடி தரலாம் என்ற விதி 2015 பிப்ரவரி 25இல் வெளியாகி அந்த மே 26இல் நடைமுறைக்கு வந்தது. அதை எதிர்த்த வழக்கு 2024 ஆகஸ்டில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றது. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் எடுக்க மறுத்துவிட்டது. இஏடி உரிமை அப்படியே இருக்கிறது. மீனா கேட்பது நீட்டிப்பைப் பற்றி.

மீனா, நீங்கள் இறக்கிய பிடிஎஃப் எந்த வருடத்துப் பதிப்பு?

மூத்தவர்_62
கேள்வி கேட்கும் முன் மேலே ஒட்டிவைத்திருக்கும் பதிவைப் படிக்க வேண்டும் என்று எத்தனை முறை எழுதுவது? பெறப்பட்ட தேதி, அட்டையில் உள்ள வகை எண், ஐ-94 (நாட்டில் எதுவரை தங்கலாம் என்ற பதிவு) தேதி. இந்த மூன்றும் இல்லாத கேள்விக்குப் பதில் எழுதுவதே வீண். சிஎஃப்ஆரை வாசிக்கத் தெரியாதவர்கள் அதில் கை வைக்கவும் கூடாது. வக்கீலுக்குக் காசு கொடுப்பது எதற்காக?

சார்லட்_ரவி
என் கணிப்பு: அந்த ரத்தே செல்லாது. 2025 அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை அரசாங்கமே மூடிக் கிடந்தது. மூடிக் கிடந்த அரசாங்கம் புது விதி போட்டால் எப்படிச் செல்லும்? ஹெச்ஆரிடம் இதைச் சொல்லுங்கள்.

காவிரிக்கரை
ரவி, தயவுசெய்து இதை ஹெச்ஆரிடம் சொல்லச் சொல்லாதீர்கள். முடக்க நாட்களிலும் ஃபெடரல் ரெஜிஸ்டர் வந்துகொண்டுதான் இருந்தது. குடியேற்றத் துறை பெரும்பாலும் கட்டண வருமானத்தில் ஓடுவது, அது மூடவே இல்லை.

நூலக_கலா
மீனா, நான் ஒரு சட்டக் கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். சட்ட ஆலோசனை சொல்ல எனக்கு அனுமதி இல்லை. எந்தத் தாள் எந்தத் தேதிக்கு உரியது என்று காட்டலாம். உங்கள் சிக்கலே அதுதான் என்று நினைக்கிறேன்.

சிஎஃப்ஆர் வருடாந்திரப் பதிப்பு 50 தலைப்புகளும் ஒரே நாளில் வருவதில்லை. 1 முதல் 16 வரை ஜனவரி 1 நிலவரம், 17 முதல் 27 வரை ஏப்ரல் 1, 28 முதல் 41 வரை ஜூலை 1, மீதி அக்டோபர் 1. குடியேற்றம் 8ஆம் தலைப்பு. ஆக, "2025" என்று போட்டிருந்தாலும் நீங்கள் பார்த்தது 2025 ஜனவரி 1 அன்று இருந்த நிலவரம்.

இப்போது 540. நிரந்தரமாக 540 நாள் என்று உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை போட்ட இறுதி விதி 2024 டிசம்பர் 13 அன்று வெளியானது. ஆனால் நடைமுறைக்கு வந்தது 2025 ஜனவரி 13. பன்னிரண்டு நாள் இடைவெளியில் வருடாந்திரப் பதிப்பு அதைத் தவறவிட்டது. அதனால்தான் உங்கள் பிடிஎஃப்பில் 180 என்று நிற்கிறது. அதே பிரிவில், அதாவது 274ஏ.13இல், இன்னும் கீழே இறங்கிப் பாருங்கள். 2022 மே மாதமும் 2024 ஏப்ரலிலும் தற்காலிகமாகக் கொடுத்த 540 நாள் பத்திகள் அங்கேயே இருக்கும்.

மூன்றாவது, உங்கள் ஹெச்ஆர் சொல்வது. 2025 அக்டோபர் 30 அன்று இடைக்கால இறுதி விதி (முன்கூட்டிக் கருத்துக் கேட்காமலே அமலாகும் விதி) ஒன்று வெளியாகி, அன்றே நடைமுறைக்கும் வந்தது. அது தானியங்கி நீட்டிப்பை நிறுத்துகிறது, உண்மைதான். ஆனால் யாருக்கு என்பதையும் அதுவே சொல்கிறது: அக்டோபர் 30 அன்றோ அதற்குப் பிறகோ புதுப்பிக்க விண்ணப்பித்தவர்களுக்கு.

ஆகவே மூன்று தாளும் சரியானவைதான், அந்தந்தத் தேதிக்கு. உங்கள் ரசீதில், அதாவது ஐ-797சியில், "பெறப்பட்ட தேதி" என்ற கட்டத்தில் என்ன இருக்கிறது? நீங்கள் தபாலில் போட்ட நாள் வேண்டாம், அவர்கள் பெற்ற நாள்தான் வேண்டும். ஐ-94 எதுவரை?

பே_ஏரியா_குமரன்
அருமை கலா. ஒரு சேர்க்கை: வருடாந்திரப் பிடிஎஃப் எதற்கு? ஈசிஎஃப்ஆரில், அதாவது சிஎஃப்ஆரின் இணையப் பதிப்பில், தேதியைக் கொடுத்தால் அன்றைய நிலவரம் அப்படியே வரும், 2017 வரை பின்னால் போகலாம். தினமும் புதுப்பிக்கிறார்கள்.

மூத்தவர்_62
ஈசிஎஃப்ஆர் அதிகாரப்பூர்வப் பதிப்பு கிடையாது தம்பி. அவர்களே அப்படி எழுதி வைத்திருக்கிறார்கள். அதை அச்செடுத்து ஹெச்ஆரிடம் கொடுத்தால் அவர்கள் வக்கீல் திருப்பி அனுப்புவார். அச்சுப் பதிப்பு, அதன்மேல் மாதாமாதம் வரும் எல்எஸ்ஏ (மாறிய பிரிவுகளின் பட்டியல்), அதற்கப்புறம் ஃபெடரல் ரெஜிஸ்டர் கடைசி இதழின் பின்பக்கப் பட்டியல். அந்த வரிசையில் தேடத் தெரிந்தவன்தான் விதியைப் பற்றிப் பேச வேண்டும்.

பே_ஏரியா_குமரன்
அந்த எல்எஸ்ஏவை இன்று யார் புரட்டுகிறார்கள்? ஈசிஎஃப்ஆரைத் தயாரிப்பதும் அதே ஃபெடரல் ரெஜிஸ்டர் அலுவலகமும் அரசு அச்சகமும்தான். வேறு யாரோ இல்லை.

மூத்தவர்_62
யார் தயாரித்தால் என்ன? சட்டம் எதை ஏற்கிறது என்பதுதான் கேள்வி. அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 44ஆம் தலைப்பு 1507ஆம் பிரிவைப் படியுங்கள். ஃபெடரல் ரெஜிஸ்டரில் வந்ததை நீதிமன்றம் தானாகவே கணக்கில் எடுக்க வேண்டும். ஈசிஎஃப்ஆருக்கு அந்த அந்தஸ்து எங்கே?

சார்லட்_ரவி
இந்தக் காலத்தில் இதற்கெல்லாம் சண்டையா? எங்கே படித்தாலும் அதே வரிதானே.

நூலக_கலா
அதே வரி இல்லாமல் போனதால்தான் ஃபெடரல் ரெஜிஸ்டரே பிறந்தது ரவி. 1930களில் பெட்ரோலியத் தொழிலுக்கு ஒரு நெறிமுறை இருந்தது. அதை மீறியதாக ஆட்கள்மேல் வழக்குப் போட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் போன பிறகுதான் தெரிந்தது, குற்றம் என்று சொன்ன அந்தப் பத்தியே ஒரு திருத்தத்தில் தவறுதலாக விழுந்துபோயிருந்தது என்று. குற்றம் சாட்டப்பட்டவருக்கும் தெரியாது, வழக்குப் போட்ட அரசுக்கும் தெரியாது. பனாமா ரிஃபைனிங் வழக்கு, 1935. அந்த வருடமே ஃபெடரல் ரெஜிஸ்டர் சட்டம் வந்தது, 1936 மார்ச்சில் முதல் இதழ்.

மூத்தவர் ஐயா சொன்ன வரிசையை நாங்கள் இன்னும் மாணவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறோம். குமரன் சொன்னதும் சரி, தேடுவதற்கு ஈசிஎஃப்ஆர்தான் வேகம். தேடுவது அங்கே, எடுத்துக்காட்டுவது ஃபெடரல் ரெஜிஸ்டர் பிடிஎஃப். அதையும் கவ்இன்ஃபோ தளத்திலிருந்து இறக்குங்கள். முதல் பக்கத்தின் இடது மேல்மூலையில் கழுகுச் சின்னம் இருக்கும். அரசு அச்சகம் டிஜிட்டல் கையொப்பம் போட்ட பிரதி என்று அதற்குப் பொருள். நாங்கள் இதற்குத்தான் இருக்கிறோம், ஆகவே வக்கீலுக்குக் காசு இல்லாதவர்கள் கை வைக்கக் கூடாது என்று மட்டும் சொல்லாதீர்கள் ஐயா. டெபாசிட்டரி நூலகம் என்று பலகை உள்ள எந்த நூலகத்திலும் இந்த அரசு வெளியீடுகளை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். மாணவராக இருக்க வேண்டியதில்லை, குடியுரிமை கேட்கமாட்டார்கள்.

மூத்தவர்_62
நூலகர் காட்டினால் சரி. தானாகப் படித்துவிட்டு வருபவர்களைத்தான் சொன்னேன்.

டல்லாஸ்_மீனா
மன்னிக்கவும், குழந்தைக்குக் காய்ச்சல், இப்போதுதான் பார்க்கிறேன். ரசீதில் பெறப்பட்ட தேதி அக்டோபர் 24. ஆகஸ்டில் ஊருக்குப் போய்த் திரும்பியபோது புது ஐ-94 கொடுத்தார்கள், 2028 வரை. அட்டையில் வகை எண் சி26.

காவிரிக்கரை
அக்டோபர் 24! இதை முதலிலேயே போட்டிருந்தால் பாதி இழை மிச்சம்.

நூலக_கலா
அப்படியானால் ஹெச்ஆருக்கு இரண்டு ஆவணம் அனுப்புங்கள். ஒன்று, அக்டோபர் 30 விதியின் பிடிஎஃப். எந்தத் தேதிக்குப் பிறகு விண்ணப்பித்தவர்களுக்கு என்ற வரியில் குறி வையுங்கள். இன்னொன்று, 2024 டிசம்பர் 13 விதி. சி26க்கு மட்டும் ஒரு வரம்பு உண்டு: அட்டை முடியும் நாளிலிருந்து 540 நாள், அல்லது ஐ-94 முடியும் நாள், எது முந்தியதோ அதுவரை. அதனால் பழைய அட்டை, ரசீது, ஐ-94 மூன்றையும் சேர்த்தே வையுங்கள். வேலை கொடுப்பவர்களுக்காகக் குடியேற்றத் துறை வெளியிடும் எம்-274 கையேடு இருக்கிறது, ஹெச்ஆர் அதைப் பார்த்தால் போதும். இறுதி முடிவு அவர்களும் அவர்கள் வக்கீலும்.

டல்லாஸ்_மீனா
இரண்டையும் அனுப்பிவிட்டேன். வக்கீலிடம் கேட்பதாகச் சொல்லி, 5ஆம் தேதி என்பதை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். கலா அக்காவுக்கும் எல்லோருக்கும் நன்றி.

ஆஸ்டின்_பிரியா
இதே நிலைமைதான் எனக்கும். ஆனால் என் ரசீதில் நவம்பர் 3. எனக்கும் இதே இரண்டு பிடிஎஃப் போதுமா?

நூலக_கலா
போதாது பிரியா. உங்களுக்கு அக்டோபர் 30 விதிதான், தானியங்கி நீட்டிப்பு இல்லை. அட்டை எந்தத் தேதியில் முடிகிறது என்று எழுதுங்கள். முடிந்த பிறகு புது அட்டை வரும்வரை வேலை செய்யக் கூடாது, ஆகவே வக்கீலை இந்த வாரமே பாருங்கள்.